முப்பத்திரண்டு போத்தல் முருங்கைக்காய்

இதிலை ஆரும் இருக்கினமோ பிள்ளை? இல்லையோ? அப்ப நான் இருக்கிறன். குறை நினைக்காதேங்கோ. நீங்கள் போனிலை அம்மாவோடை கதைச்சது பின் சீற்றுக்குக் கேட்டது. அம்மாதானே? ஓம், கதைக்கிற விதத்திலையே தெரியும். இந்தப் பக்கத்து பஸ்ஸிலை தமிழ்ச் சத்தம் கேட்டு எத்தினையோ மாசம்.

நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதிலைதான் போறனான். நகரத்துக்கு மூண்டு மணித்தியாலம். வெளியிலை பாத்துப் பிரயோசனம் இல்லை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுத்தான். இன்னும் ஒரு கிழமையிலை சூரியன் எட்டிப்பாக்கும் எண்டு சொல்லுகினம். நீங்கள் இந்தப் பக்கம் வேலைக்கோ வந்தனீங்கள்? சின்னப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலையோ? நல்லது, நல்லது. ஒஸ்லோவிலை வளந்த பிள்ளையள் நோர்வேயின்ரை இந்த வடக்குப் பக்கம் வாறது குறைவு.

அந்தப் பையிலை கிடக்கிறது தகரத்திலை அடைச்ச முருங்கைக்காய் ரின்தானே? படத்தைக் கண்டவுடனை தெரிஞ்சுபோச்சு. அம்மா கட்டித் தந்தவவோ? வைச்சிருங்கோ. நான் குற்றம் சொல்ல வரேல்லை. ஆனால் அந்த ரின்னாலை வந்த கதை ஒண்டு என்னட்டை இருக்கு. எங்கடை ஊரிலை ஒருத்தரும் அதைக் கேக்கினமில்லை. உந்த டிரைவரும் முந்தி என்னோடை பகிடி விட்டுக் கதைக்கிறவன். இப்ப ரிக்கற்றைத் தந்துபோட்டு றோட்டைப் பாக்கிறான். எல்லாருக்கும் ஒரு பக்கக் கதைதான் போயிருக்கு. என்ரை பக்கத்தை நீங்களாவது கேளுங்கோ.

என்ரை பேர் நவரத்தினராசா. இருபத்தாறு வருசமா மீன் பக்ரறியிலை வேலை. அதிலை பத்து வருசம் மீன் வெட்டுற பகுதிக்கு நான்தான் பொறுப்பு. மீனை எத்தினை பாகைக் குளிரிலை வைக்கவேணும், எத்தினை மணித்தியாலம் தாங்கும், எது நல்லது, எது பழுது, இதெல்லாம் ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மனிசி பேர் தவமலர். பள்ளிக்கூடத்திலை துப்பரவு வேலை. என்னைவிட நல்லா நோர்வேப் பாசை கதைப்பா. ஒரு மகள், ஆரணி. கலியாணம் முடிச்சு துரொண்டைமிலை இருக்கிறாள். அவளும் இப்ப என்னோடை கதைக்கிறாள் இல்லை. அது பேந்து சொல்லுறன்.

நான் சாப்பாட்டிலை கொஞ்சம் கண்டிப்பு. அது பிழையோ? குடியில்லை, சிகரட் இல்லை. வாய்க்கு ருசியா ஒரு கறி கேக்கிறது பெரிய குற்றமோ? முருங்கைக்காய் எண்டால் புது முருங்கைக்காய். சப்பினால் நார் வேறை சதை வேறையாப் பிரியவேணும். ரின்னிலை வாறது உப்புத்தண்ணியிலை ஊறின பஞ்சு. அதைத் தவமலர் இஞ்ச வந்த முதல் வருசமே நான் சொல்லிப்போட்டன். புதுசு கிடைச்சாச் சமையும், கிடைக்காட்டி வேண்டாம். உருளைக்கிழங்கு காணும், அது போதும். இதைவிடத் தெளிவா ஒரு மனிசன் என்னெண்டு சொல்லுறது?

எங்களுக்குக் கிட்டடியிலை தமிழ்க் கடை இல்லை. ஒஸ்லோவிலை இருந்து ஒரு கடைக்காரர் மரக்கறிப் பாசல் அனுப்புவார். மாசத்திலை ஒருக்கா வரும். ஒரு குளிர்காலம், மூண்டு வருசத்துக்கு முந்தி, நல்ல முருங்கைக்காய்க் கறி தொடர்ந்து கிடைச்சுது பிள்ளை. கனடாவிலை இருக்கிற அண்ணருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னனான், வடதுருவத்துக்குப் பக்கத்திலை இருந்து புது முருங்கைக்காய் சப்புறன் எண்டு. அவர் நம்பேல்லை. சத்தத்தைக் கேளுங்கோ எண்டு ரெலிபோனுக்குள்ளை சப்பிக் காட்டினனான்.

பேந்து ஒருநாள் தவமலருக்கு நாரிப்பிடிப்பு, குனியேலாது. குப்பையை நான் கொண்டுபோனன். தகரம் தனி, கடதாசி தனி எண்டு பிரிக்கிறது தெரியும்தானே. தகரப் பை கிழிஞ்சு பதினொரு ரின் பனியிலை உருண்டுது. எல்லாம் கழுவிக் காயவைச்ச ரின். லேபிள் உரிச்சிருக்கு. ஒண்டிலை மட்டும் ஒரு மூலை கிழியாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பச்சை நிறப் படம்.

அந்த ரின்னைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சன்.

"இதென்ன?"

"மூண்டு மாசமாப் பாசல் வரேல்லை," எண்டா. "நீங்கள் ஆசையாச் சாப்பிட்டியள். நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப என்னை விசரன் ஆக்கினனீர்."

"நல்லா இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சா.

அந்தச் சிரிப்புத்தான் பிள்ளை. நான் சிரிக்கேல்லை. நாலு நாள் அவ சமைச்ச ஒண்டையும் தொடேல்லை. பாணும் சீசும் வாங்கிவந்து அவவுக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டன். கதைக்கவும் இல்லை. அஞ்சாம் நாள் அவ சாமிப்படத்துக்கு முன்னாலை நிண்டு, இனி இந்த வீட்டுக்குள்ளை ரின் வராது எண்டு சொன்னா. நான் சொல்லச் சொல்லேல்லை. அவவாத்தான் சொன்னவ. அல்லது நான் சொல்லச் சொன்னனோ, நினைவில்லை. சொல்லியிருப்பன்.

அதோடை பிரச்சினை தீந்தது. ஆனால் முருங்கைக்காயும் இல்லை. ரெண்டு குளிர்காலம் அப்பிடிப் போச்சு. அவ அதைப் பற்றிக் கதைக்கமாட்டா, நானும் கதைக்கமாட்டன். அப்பதான் எனக்கு ஒரு யோசினை வந்தது.

போன ஆவணியிலை லீவெடுத்துக்கொண்டு ஒஸ்லோவுக்குக் காரிலை போனம். ரெண்டாயிரம் கிலோமீற்றர். வியாழக்கிழமை விமானத்திலை வந்து இறங்கின மரக்கறி, பெட்டி உடைக்க முதலே வாங்கினன். பதினெட்டுக் கிலோ முருங்கைக்காய். கடையிலை இருந்தவை எல்லாரும் திரும்பிப் பாத்தவை. பனிக்கட்டிப் பெட்டிக்குள்ளை அடுக்கி, இரவு பகலா நிப்பாட்டாமல் ஓடி, வீட்டை கொண்டுவந்து சேத்தன்.

பிறீசரிலை வைக்கலாமே எண்டு கேப்பியள். மகளும் அதைத்தான் கேட்டவள். எங்கடை பிறீசர் ரெண்டும் மீன். அதோடை ஐஸ் பிடிச்ச முருங்கைக்காய் சணல்கயிறு. எனக்கு வேண்டியது அவிச்ச சூட்டோடை கண்ணாடிப் போத்தலிலை அடைச்சு, காத்துப் போகாமல் மூடி, குளிர்காலம் முழுக்க வைச்சுச் சாப்பிடுறது. பக்கத்துவீட்டு நோர்வேக்காரி, சொல்வெய்க் எண்டவ, காட்டுப் பழத்தையெல்லாம் அப்பிடித்தான் போட்டு வைப்பா. தனிய இருக்கிற மனிசி. அவவும் தவமலரும் நல்ல சிநேகம். அவவிட்டைப் பெரிய பானையும் மூடி போட்ட போத்தலும் வாங்கிவந்தம்.

அவ பானையைத் தந்துபோட்டுப் போயிருக்கலாம். போகேல்லை. எங்கடை குசினியிலை வந்து நிண்டு முருங்கைக்காயைக் கையிலை எடுத்து உருட்டிப் பாத்துப்போட்டு என்னைப் பாத்துச் சொன்னா, "நவா, பழத்திலை புளிப்பு இருக்கு. அதாலை ஒண்டும் ஆகாது. இதிலை புளிப்பு இல்லை. இதுக்கு இந்தப் பானை காணாது. இப்பிடி அடைச்சுச் சாப்பிட்டு ஆக்கள் செத்திருக்கினம்."

முருங்கைக்காயை அண்டைக்குத்தான் முதன்முதல் காணுறா. அவ எனக்குச் சொல்லித் தாறா.

அவ போனாப் பிறகு தவமலர் மெல்லக் கேட்டா, "அப்ப கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுவமோ?"

"ஊறுகாயோ போடுறீர்?"

"இல்லாட்டிப் பிறஷர் குக்கரிலை வைச்சு எடுப்பம். அதுதான் சரியான முறையாம்."

"களியாப் போயிடும். களிதான் வேணுமெண்டால் ரின் வாங்கியிருக்கலாமே. உமக்கு ரின் எண்டால் விருப்பம்தானே."

பிறகு அவ போத்தலிலை அடைச்சு, மஞ்சளும் உப்பும் போட்டு, பானைத் தண்ணியிலை இறக்கி வைச்சா. ஒரு மணித்தியாலமாவது கொதிக்கட்டும் எண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டா. நான் இருபதாவது நிமிசம் அடுப்பை நிப்பாட்டிப்போட்டன். ஒரு போத்தலைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அமத்திப் பாத்தன், பதம் எண்டால் அதுதான் பதம். மொத்தம் முப்பத்திரண்டு போத்தல் வந்தது. வெளிக் கொட்டிலிலை வைச்சால் உறைஞ்சு வெடிக்கும் எண்டு, மாடிப்படிக்குக் கீழை சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அறையிலை அடுக்கினன். அது எப்பவும் இளஞ்சூடா இருக்கும்.

புரட்டாதி முழுக்கச் சாப்பிட்டம். ஏழு போத்தல். ஒஸ்லோவிலை கூட அப்பிடிக் கறி கிடையாது. தவமலர் என்ன செய்வா எண்டால், அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் எண்டு கறியைக் கொதிக்க விடுவா. ஏன் உப்பிடிப் போட்டுக் காய்ச்சிறீர், பதம் கெடப்போகுது எண்டு பேசினனான். "சூடா இருக்கட்டும்" எண்டுவா. அடுப்பை விட்டு அசையமாட்டா.

ஐப்பசியிலை சத்தம் தொடங்கிச்சுது. கதவைப் பூட்டிப்போட்டு ரீவி பாத்துக்கொண்டு இருப்பம், படிக்குக் கீழை இருந்து "டிக்" எண்டு கேக்கும். கொஞ்ச நேரம் செல்ல இன்னொரு "டிக்". போய்ப் பாத்தன். சில போத்தலிலை மூடி நடுவிலை மேலை எழும்பி நிக்குது. விரலாலை அமத்தினால் கீழை போகும், விட்டால் திரும்ப எழும்பும். உள்ளுக்குத் தண்ணி கொஞ்சம் கலங்கல். ஒரு போத்தல் மூடி கழண்டு, சுவரெல்லாம் தெறிச்சுக் கிடந்தது. அந்த மணம் ரெண்டு கிழமை போகேல்லை. தவமலர் கையுறை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்திலை பாவிக்கிற மருந்து கொண்டுவந்து கழுவினா. கழுவி முடிச்சுப்போட்டுச் சொன்னா, "இஞ்சாருங்கோ, எல்லாத்தையும் எறிவம். எனக்குப் பயமா இருக்கு."

"பயமோ? முருங்கைக்காய்க்கோ?"

"மூடி எழும்பினாப் பழுது எண்டு சொல்வெய்க் சொன்னவ."

நான் அவவுக்கு ஆறுதலா விளங்கப்படுத்தினன். உயிரோடை இருக்கிற சாமான் மூச்சு விடும். ரின்னுக்குள்ளை கிடக்கிறதுதான் செத்துப்போனது, அதுதான் அசையாமல் கிடக்குது. அவ என்னை ஒருமாதிரிப் பாத்தா. அதுக்குப் பிறகு அந்த அறைக்குத் தனியப் போகமாட்டா. விளக்குமாறு எடுக்கிறதெண்டாலும் என்னைக் கூப்பிடுவா. சில நேரம் படிக்கட்டிலை காலை வைச்சபடி, அடுத்த படி ஏறாமல், காது குடுத்துக்கொண்டு நிப்பா.

ஏன் பிள்ளை பையை அந்தப் பக்கம் வைக்கிறியள்? இடம் காணாதோ? நான் கொஞ்சம் தள்ளி இருக்கிறன்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு. எனக்குத் தடிமன், மூக்கு முழுக்க அடைப்பு. வாய்க்கு உறைப்பா ஒரு கறி வேணும்போலை இருந்தது. நானே போய் ஒரு போத்தல் எடுத்துவந்து திறந்தன். புஸ் எண்டு காத்துப் போச்சு. எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. தவமலர் ஒரு அடி பின்னாலை போனா.

"இது சரியில்லை. மணக்குது."

"எனக்கு மணக்கேல்லை."

"உங்களுக்குத் தடிமன்."

"அப்ப நீர் ஒருக்கா வாயிலை வைச்சுப் பாத்துச் சொல்லும்."

"சமைக்காமலோ?"

"அவிச்சதுதானே. இதுக்காக ரெண்டாயிரம் கிலோமீற்றர் ஓடினனான். மணக்குது எண்டு சும்மா ஊத்திறதோ? பாரும்."

அவ பாக்கேல்லை. கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. எனக்குக் காய்ச்சலும் இருந்தது, கோவம் வந்திட்டுது. நான் அவவுக்குக் கைநீட்டினது இல்லை பிள்ளை, இருபத்தெட்டு வருசத்திலை ஒருக்காலும் இல்லை. அண்டைக்கும் இல்லை. ஒரு துண்டை எடுத்து அவவின்ரை வாய்க்குக் கிட்டப் பிடிச்சன், அவ்வளவுதான். பிடிச்சபடியே நிண்டன். கொஞ்ச நேரம் நிண்டன். அவ வாங்கிச் சப்பினா. சப்பிப்போட்டு, "பழுது" எண்டா.

"ஒரு துண்டிலை என்ன தெரியும்? இன்னொண்டு பார்."

ரெண்டாவதும் பாத்தா. மூண்டாவது துண்டு நான் குடுக்க, அதையும் சப்பி, சக்கையைக் கையிலை எடுத்து வைச்சுக்கொண்டு, "சரி, நல்லா இருக்கு" எண்டா. அவவின்ரை வாயாலை. நல்லா இருக்கு எண்டு. இதை நான் டொக்ரருக்கும் சொன்னன், பொலிசுக்கும் சொன்னன். ஒருத்தரும் எழுதிக்கொள்ளேல்லை.

பேந்து தேங்காய்ப்பால் விட்டு முக்கால் மணித்தியாலம் காய்ச்சினா. நான் ரெண்டுதரம் போட்டுச் சாப்பிட்டன். அவ பசிக்கேல்லை எண்டு போய்ப் படுத்திட்டா. இதைக் கவனமாக் கேளுங்கோ. ரெண்டு கோப்பை சாப்பிட்டது நான். எனக்கு ஒண்டும் இல்லை. இப்பவும் கல்லுமாதிரி இருக்கிறன்.

திங்கள் மத்தியானம் அவ வேலையாலை நேரத்தோடை வந்திட்டா. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். வாய் காஞ்சுபோய்க் கிடக்குதாம். கண்ணாடியை மாத்தவேணும் எண்டு சொன்னன். செவ்வாய் மூக்காலை கதைச்சா. தண்ணி குடிக்க, அது மூக்காலை வந்தது. என்ரை தடிமன் தொத்திட்டுது எண்டு நினைச்சன். ஆரும் அப்பிடித்தானே நினைப்பினம்? ஆனால் ஒண்டு, அவவின்ரை கண்மடல் பாதிக்குத் தொங்கிச்சுது. பாதிக் கண்ணாலை என்னையே பாத்துக்கொண்டு கதிரையிலை இருந்தா. நான் ஞாயிற்றுக்கிழமைக் கோவம் எண்டு நினைச்சன். "உப்பிடிப் பாக்காதையும். கதைக்கிறதெண்டால் கதையும்" எண்டு சொன்னன். அவ வாயைத் திறந்தா. ஏதோ சொல்லப் பாத்தா. எனக்கு விளங்கேல்லை.

புதன் காலமை நான் வேலைக்குப் போயிட்டன். நான் இல்லாமல் வெட்டுற பகுதி நடக்காது. பத்து மணிபோலை சொல்வெய்க் பாண் குடுக்க வந்திருக்கிறா. கதவு திறக்கேல்லை எண்டு யன்னலாலை பாத்திருக்கிறா. தவமலர் கதிரையிலை இருந்தபடி தலை பின்னாலை விழுந்து, மூச்சு எடுக்கேலாமல் கிடந்தவவாம். ஹெலிகொப்ரர் வந்தது. எனக்குப் பக்ரறிக்கு ரெலிபோன் வர முதல், சொல்வெய்க் போத்தல் கதையை அவங்களுக்குச் சொல்லிப்போட்டா. என்ன சாப்பிட்டவ எண்டு கேட்ட உடனை, நேரா எங்கடை படிக்குக் கீழை இருக்கிற அறையைக் காட்டியிருக்கிறா. பாத்தியளோ? அவ எங்கடை வீட்டுச் சாப்பாடு எத்தினை தரம் சாப்பிட்டவ! நான் வந்து பாக்க, வெள்ளை உடுப்போடை ரெண்டு பேர் இருபத்தொரு போத்தலையும் பெட்டியிலை அடுக்குகினம்.

ஆஸ்பத்திரியிலை டொக்ரர், ஒரு பொம்பிளை, படம் கீறி விளங்கப்படுத்தினா. காத்துப் போகாத போத்தலுக்குள்ளை ஒரு கிருமி வளந்து நஞ்சு கக்குமாம். அந்த நஞ்சு நரம்பையெல்லாம் கட்டிப்போடுமாம். கண்ணிலை தொடங்கி, தொண்டைக்கு வந்து, மூச்சுக்கு வருமாம். மாத்து மருந்து விமானத்திலை வந்தது. ஆனால் மெசின்தான் ஏழு கிழமையா மூச்சு விடுகுது. நான் கேட்டன், அப்ப எனக்கு ஏன் ஒண்டும் இல்லை? கொதிச்ச கறியிலை நஞ்சு செத்துப்போகுமாம். கொதிக்க முதல் வாயிலை வைச்ச அந்த மூண்டு துண்டாலைதான் அவவுக்கு ஏறினதாம். நல்ல வசதியான விளக்கம்! போத்தலிலை நஞ்செண்டால் அதைத் திண்ட எனக்கும் நஞ்சுதானே. அவ பள்ளிக்கூடத்திலை பாவிக்கிற சுவர் கழுவுற மருந்தை ஆரும் போய்ச் சோதிச்சவையோ? இல்லை. முருங்கைக்காய் அவைக்குத் தெரியாத சாமான், அதாலை குற்றம் அதுக்கு.

உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன். அவை எல்லாத்தையும் கொண்டுபோகேல்லை. ரெண்டு போத்தலை நான் முன்னமே படகுக் கொட்டிலுக்கு மாத்தியிருந்தனான். நல்ல போத்தல், பாத்துப் பாத்து எடுத்தது. கம்பளியாலை சுத்தி, உறையாமல் சின்ன ஹீற்றர் ஒண்டு போட்டு வைச்சிருக்கிறன். தவமலர் சுகமா வீட்டை வந்தாப் பிறகு, ரெண்டு பேருமா இருந்து திறப்பம். அப்ப தெரியும் ஆர் சொன்னது சரியெண்டு.

முதல் ரெண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் அவவுக்குப் பக்கத்திலை இருந்தன். பேந்து சனிக்கிழமைகளிலை. கண் மூடி, அசைவில்லாமல், குழாயோடை கிடப்பா. ஆனால் அறிவு தெளிவாம், எல்லாம் விளங்குமாம். அதாலை நான் நாலு மணித்தியாலமும் அவவோடை கதைப்பன். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது, ஆர் என்ன சொன்னது, அவவே நல்லா இருக்கெண்டு சொன்னது, ஒண்டும் விடாமல். மறந்துபோகக் கூடாதெல்லோ. என்ரை குரல் கேட்ட உடனை மெசினிலை நெஞ்சடிப்பு எண் எழுபதிலை இருந்து நூற்றிருபதுக்கு ஏறும். அவ்வளவு சந்தோசம். நேர்ஸ் ஓடிவந்து பாப்பா. "கொஞ்சம் வெளியிலை இருங்கோ" எண்டுவா. அவைக்கு இதெல்லாம் விளங்காது.

போன சனிதான் இந்தப் பிரச்சினை வந்தது. அவவுக்கு வலக்கை விரல் அசையத் தொடங்கியிருந்தது. நேர்ஸ் தன்ரை கையை அவவின்ரை விரலுக்குக் கீழை வைச்சுக் கேள்வி கேக்கிறது. ஒருக்கா அமத்தினால் ஓம். ரெண்டுதரம் அமத்தினால் இல்லை. மகள் ஆரணியும் வந்து நிண்டவள், தமிழிலை கேக்கிறதுக்கு. என்னைக் கண்ணாடிக்கு வெளியிலை நிக்கச் சொல்லிச்சினம். கதவு திறந்துதான் கிடந்தது.

"அம்மா, குளிருதோ?" ரெண்டுதரம் அமத்தினா. போர்வையை மடிச்சு வைச்சினம். "நோகுதோ?" ரெண்டு. "நான் ஆரணி, தெரியுதோ?" ஒண்டு. உடனை மகள் அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்திட்டுது பிள்ளை, ஏன் பொய் சொல்லுவான்.

பேந்து நேர்ஸ் மகளிட்டை ஏதோ சொன்னா. ஆரணி என்னைத் திரும்பிப் பாத்தாள். தாயின்ரை காதுக்குக் கிட்டக் குனிஞ்சு கேட்டாள்.

"அம்மா, அப்பா உங்களைப் பாக்க வரட்டோ?"

ஒருக்கா அமத்தினா. நான் கண்டனான், என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான். நான் உள்ளுக்குப் போகக் காலெடுத்து வைச்சிட்டன். பேந்து இன்னொருக்கா அமத்தினா.

ஆரணி திருப்பிக் கேட்டாள். ரெண்டு. நேர்ஸ் கையை மாத்தி வைச்சுக்கொண்டு மூண்டாந்தரமும் கேக்கச் சொன்னா. ரெண்டு.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலை இருந்து கடிதம் வந்தது. நோயாளி விரும்புற ஆக்கள் மட்டும்தான் உள்ளுக்கு வரலாமாம். ஆரணிக்கு ரெலிபோன் எடுத்தால், "அப்பா, நீங்கள் கண்டனீங்கள்தானே" எண்டுபோட்டு வைச்சிட்டாள். கண்டனான். வடிவாக் கண்டனான். அதாலைதான் சொல்லுறன். அது நரம்பு. ஏழு கிழமை கட்டிப்போட்ட நரம்பு, ஒருக்கா அசைச்சால் தன்ரை பாட்டிலை இன்னொருக்காத் துடிக்கும். மீன் செத்தாப் பிறகும் துடிக்கிறதை நான் எத்தினை வருசமாப் பாக்கிறன். முதலாவது அமத்தினது தவமலர். ரெண்டாவது அமத்தினது நோய்.

ஆ, வெளிச்சம் தெரியுது, ஆஸ்பத்திரி கிட்டுது. நீங்கள் அடுத்த தரிப்பு, இருங்கோ. முன்னுக்குப் போயோ இருக்கப்போறியள்? ஏன், இஞ்ச வசதி இல்லையோ? சரி, போங்கோ, நான் காலை எடுக்கிறன். பை கவனம்.

நான் திரும்பிப் போற ஆள் இல்லை பிள்ளை. உள்ளுக்கு விடாட்டிலும், அந்த வாசலுக்கு வெளியிலை ஒரு கதிரை போட்டிருக்கு. அதிலை இருக்கக் கூடாது எண்டு கடிதத்திலை எழுதேல்லை. அவவின்ரை கட்டில் கதவுக்குக் கிட்டத்தான். நேர்ஸ்மார் போக வர அது திறந்து திறந்து மூடும். நான் கொஞ்சம் உரத்துக் கதைச்சால் காணும். கேக்கும்.